நாலு போத்தல் கசிவு

ரஷ்யாவில் விலைகளையெல்லாம் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டார்கள் என்ற செய்தியை, வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்த பற்றரிகளில் ஓடும் எங்கள் வீட்டு வானொலியில்தான் கேட்டேன். எனக்கு அப்போது பதினேழு வயது. உயர்தர வகுப்பில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று தலைமுறையாக அரசாங்கம் குறித்த விலைக்கே பாண் விற்ற ஒரு நாடு, நாளையிலிருந்து விற்பவன் சொல்வதுதான் விலை என்று அறிவிக்கிறது. அது என்ன துணிச்சல் என்று வியந்துபோனேன். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் வேறு யாருக்கும் அந்தச் செய்தி ஒரு பொருட்டாகப் படவில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என்னோடு படித்தவர்கள் சினிமாப் பாட்டுகளைக் கொப்பியில் எழுதிவைத்தார்கள். நான் போலந்துக்கு ஒரு கொப்பி, ஹங்கேரிக்கு ஒரு கொப்பி, ரஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் சேர்த்து ஒரு தடித்த கொப்பி என்று வைத்திருந்தேன். நகர நூலகத்தில் பழைய ஆங்கில வார இதழ்களை நிறுத்து விற்பதற்கு முன் எனக்கு ஒரு நாள் தருவார்கள். வெட்டி ஒட்டுவேன். பிடித்த வரிக்குப் பச்சைக் கோடு, பிடிக்காத வரிக்குச் சிவப்புக் கோடு. சந்தை, தனியார்மயம், நாணயச் சீர்திருத்தம் எல்லாம் பச்சை. பண்டமாற்று, மானியம், பழைய தொழிற்சாலை எல்லாம் சிவப்பு.

அப்பா துறைமுகத்தில் லோஞ்ச் என்ற இயந்திரப் படகு ஓட்டினார். மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. கருங்கடல் பக்கத்திலிருந்து ஒரு கப்பல் வந்திருக்கிறது என்றால் நான் அப்பாவை வாசலிலேயே பிடித்துவிடுவேன். என்ன சொன்னார்கள், என்ன விலையாம், சம்பளம் வருகிறதாமா. அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். அந்த மாலுமிகளுக்கு அதைவிடக் கொஞ்சம். ஆனாலும் ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்து சொன்னார், கப்பல் இயந்திரக்காரன் ஒருவனுடைய மனைவி வேலை செய்யும் தொழிற்சாலையில் சம்பளத்துக்குப் பதிலாகச் சட்டியும் மூடியும் கொடுக்கிறார்களாம் என்று. நான் அதைக் கொப்பியில் எழுதிச் சிவப்புக் கோடு போட்டேன். இன்னும் சந்தை வரவில்லை, அதுதான் பிரச்சினை என்று பக்கத்தில் குறித்தும் வைத்தேன்.

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியும் கடிதம் வரவில்லை. முந்திய வருடக்காரர்களே உள்ளே போக முடியாமல் வரிசையில் நின்ற காலம் அது. வீட்டில் இருக்கப் பொறுக்காமல் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் தற்காலிக லிகிதராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் கிழமையே மண்ணெண்ணெயை என் மேசையில் தள்ளிவிட்டார்கள். யாரும் விரும்பாத வேலை அது. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் சும்மா எண்ணெய் இல்லை. எந்த ஊருக்கு எத்தனை இரும்புப் பரல், யாருடைய கையெழுத்து, எந்தக் காவலரணில் காட்டவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கடதாசி வேண்டும். பங்கீட்டு அட்டை இருந்தால் வீட்டுக்கு இத்தனை போத்தல். அதற்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் எதற்கு என்று கேட்பார்கள். சரியான பதில் இல்லாவிட்டால் பிரச்சினை எண்ணெயோடு நிற்காது.

களப்புக்கு அப்பால், கிண்ணியாப் பக்கத்தில் இருந்த குறிஞ்சாக்கேணிக் கிளைக்குக் கிழமைக்கு மூன்று பரல். சங்கத்து லொறி துறையடி வரைக்கும்தான் போகும். அப்போது பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவை பழுதாகிக் கிடந்தது. வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் அந்த மிதவைக்கு உதிரிப்பாகம் வரும் வரும் என்று மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. அதனால் குறிஞ்சாக்கேணிக்காரர் ஒருவர் தன் பெரிய வள்ளத்தில் பரல்களை ஏற்றிக் களப்பைக் கடந்து ஊர்க்கரையில் இறக்குவார். வெறும் பரல்களைத் திருப்பிக் கொண்டுவருவதும் அவர்தான். நாற்பது வயது இருக்கும். அதிகம் கதைக்காத மனிதர். எல்லாரும் அண்ணன் முறை வைத்து நானா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வேலையைப் பழகுவதற்காகப் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டு போனபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு பரலிலும் கசிவு நாலு போத்தல். மழைக்காலத்திலும் நாலு, வெயில் காலத்திலும் நாலு. புதுப் பரலிலும் துருப்பிடித்த பரலிலும் நாலு. ஐந்தில்லை, மூன்றில்லை. இவ்வளவு ஒழுங்காகக் கசியும் பரலை உலகத்தில் எங்கும் காணமுடியாது. முகாமையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்த, எதற்கும் அவசரப்படாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அது கசிவில்லைப் பிள்ளை, வள்ளத்துக் கூலி என்றார். நானா காசு வாங்குவதில்லை. ஒரு பரல் இறக்கினால் கிளைக்காரரின் கண்முன்னாலேயே அவர் நாலு போத்தல் எண்ணெயைத் தன் தகரக் கானுக்குள் எடுத்துக்கொள்வார். கூலியை எண்ணெயில் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே எங்களுக்கு முன் இருந்த யாரோ ஒரு லிகிதர் அதைக் கசிவு என்று எழுதத் தொடங்கினார். பிறகு வந்தவர்களும் எழுதினார்கள். அவ்வளவுதான்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சிவப்புக் கோடு போட்டுப் போட்டு நான் படித்த பண்டமாற்று, இதோ என் மேசையில். உக்ரேனில் நடப்பது கிண்ணியாவில் நடக்கிறது. அங்கே சீர்திருத்த என் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள். இங்கே கேட்கவைக்கலாம்.

மூன்று பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினேன். கூலி காசாகக் கொடுக்கப்பட வேண்டும். அதுவும் தாராளமாக, நாலு போத்தலின் விலையைவிடக் கூட்டி. கசிவு என்ற சொல்லே பதிவிலிருந்து போகவேண்டும். லொறியில் இருந்து இறங்கும்போது ஒரு அளவு, ஊர்க்கரையில் ஏறும்போது ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். முகாமையாளர் மூன்று பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார்.

“பிள்ளை, உமக்கு மொஸ்கோவில ஒரு வேலை எடுத்துத் தாறன். எங்கட சங்கத்தை விட்டிடும்” என்றார்.

ஆனால் அடுத்த மாதம் கணக்காய்வாளர் வர இருந்தார். வருடா வருடம் அந்தக் கசிவுக்கு விளக்கம் சொல்லி முகாமையாளரும் களைத்துப்போயிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு பிரதி மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குப் போனது. அங்கிருந்து அது இராணுவ முகாமுக்கும் போய், துறையடிக் காவலரணில் அடுத்த கிழமையே ஒரு அளவுகோலோடு ஆள் நிற்கத் தொடங்கினான். நான் எழுதியதில் அதைத்தான் எல்லாரும் அவ்வளவு விரைவாக எடுத்துக்கொண்டார்கள். சீர்திருத்தம் என்றால் இப்படித்தான் வேகமாக நடக்கவேண்டும் என்று நினைத்தேன்.

மூன்று கிழமை எல்லாம் அழகாக ஓடியது. பரல்கள் போயின, வெறும் பரல்கள் வந்தன. கிழமைக்கொரு கடித உறையில் நானாவின் கூலியை வைத்துக் கிளைக்காரரிடம் அனுப்பினேன். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தது. பதிவில் கசிவு என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

நாலாம் கிழமை ஒரு திங்கட்கிழமை காலை, நானா அலுவலகத்துக்கு வந்தார். அவரை நான் துறையடியில் சாரத்தை மடித்துக் கட்டியபடிதான் கண்டிருக்கிறேன். அன்றைக்கு வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக, பள்ளிவாசலுக்குப் போகிறவர் மாதிரி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. சேட்டுப் பையிலிருந்து மூன்று உறைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“தங்கச்சி, இத மெசினுக்குள்ள ஊத்த ஏலுமா?”

எனக்கு விளங்கவில்லை. விளங்காத முகத்தைப் பார்த்துவிட்டு அவரே மெல்ல மெல்லச் சொன்னார். கடற்படையின் பாஸ் இல்லாமல் வள்ளத்தை மீன்பிடித் தொழிலுக்கு இறக்க முடியாமல் போனதிலிருந்து அவருக்கு வருமானம் என்றால் களப்போரத்தில் அரை ஏக்கர் மிளகாய்தான். சிறுபோகத்தில் மழை இல்லை. கிணற்றிலிருந்து மெசினால் இறைத்துத்தான் பாய்ச்சவேண்டும். மெசின் குடிப்பது மண்ணெண்ணெய். கூலியாக வந்த பன்னிரண்டு போத்தலில்தான் அந்த மெசின் ஓடியது. கையில் மிச்சம் இருந்த எண்ணெயோடு இரண்டு கிழமை சமாளித்தார். இப்போது மெசின் நின்று ஒன்பது நாள். அவரும் மனைவியும் வாளியால் அள்ளி ஊற்றுகிறார்கள். கிணற்றுக்குப் பக்கத்து வரிசைகளுக்கு மட்டும்தான் முடிகிறது. செடி பூத்து நிற்கிறது. மற்ற வரிசைகளில் பூக் கொட்டத் தொடங்கிவிட்டது.

காசு இருக்கிறதே, எண்ணெயை வாங்கலாமே என்றேன்.

“எந்தக் கடையில, தங்கச்சி? எண்ணெய்க் கடை நீங்கதானே” என்றார்.

அவருடைய அட்டைக்கு விளக்கெரிக்கும் அளவு எண்ணெய்தான் கிடைக்கும். அதற்கு மேல் நானே அவருக்கு ஒரு போத்தல் விற்றாலும் குற்றம். ஏன் முதலே வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். கிளைக்காரர் என் மூன்று பக்கத்தையும் கடை வாசலில் நின்று வாசித்துக் காட்டினாராம். அதில் கசிவு, முறைகேடு என்றெல்லாம் இருந்ததாம். கள்ளன் என்று சொல்லப்பட்ட ஆள் எப்படித் திரும்பவும் அதையே கேட்டு வருவது என்றார். பிள்ளைகளின் வருடச் சாப்பாடு அந்த அரை ஏக்கரில்தான் நிற்கிறது என்பதால் வெட்கத்தை விட்டு வந்தேன் என்றார்.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். எட்டு நாள், அல்லாஹ் நாடினால் பத்து.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் தடித்த கொப்பியை எடுத்து முற்றத்தில் இருந்தேன். சிவப்புக் கோடுகளை மட்டும் வாசித்தேன். ரஷ்யாவின் எரிவாயு உக்ரேனைக் குறுக்கறுத்துப் போகும் குழாய்களால்தான் மேற்கே இருக்கும் நாடுகளுக்குப் போகிறது. தன் நிலத்தால் போகவிடுவதற்கு உக்ரேன் வாங்கும் கூலியில் பெரும்பங்கு காசில்லை, அந்த வாயுவே. இதைத்தான் நான் பிற்போக்கு என்று சிவப்பாக்கியிருந்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. அங்கே குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க வாயு வேண்டும். கிழமைக்குக் கிழமை பெறுமதி இறங்கும் நோட்டுக் கட்டை அடுப்புக்குள் வைத்து என்ன செய்வது. காசு என்பது, கொண்டுபோனால் பொருள் தருகிற கடை ஒன்று இருக்கும் இடத்தில்தான் காசு. கடை இல்லாத இடத்தில் அது அச்சடித்த கடதாசி. சட்டியும் மூடியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன அந்த மாலுமியின் மனைவி, சந்தை தெரியாதவள் இல்லை. அந்த ஊரில் சட்டிக்கு ஒரு முட்டையாவது கிடைத்திருக்கும். சம்பளம் வரும் என்ற வாக்குறுதிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

ஆனால் அதே வெட்டுத்துண்டுகளில் இன்னொன்றும் இருந்தது. குழாயிலிருந்து எவ்வளவு எடுத்தார்கள் என்பதில் ஓயாத சண்டை. அவர்கள் களவு என்பார்கள், இவர்கள் கூலி என்பார்கள். குழாயின் இரண்டு முனையிலும் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு அளவு இல்லை. எழுத்து இருந்தாலும் ஆளுக்கொரு எழுத்து. அதை வாசித்ததும் எனக்கு மூச்சு வந்தது. என் திட்டம் முழுதும் பிழையில்லை. அளந்தது சரி. எழுதச் சொன்னது சரி. எண்ணெயைப் பறித்ததுதான் பிழை. கூலியை எண்ணெயிலேயே கொடுக்கலாம். அதைக் கசிவு என்று ஒளிக்காமல் கூலி என்றே எழுதலாம். அப்படி எழுதினால் நானாவை யாரும் கள்ளன் என்று சொல்ல ஏலாது.

காலையில் முகாமையாளரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பழையபடி சத்தமில்லாமல் எடுக்கவிடலாமே என்று நான் முதலில் நினைத்ததையும் சொன்னேன். அது இனி ஏலாது என்றார். துறையடியில் அளவுகோல் நிற்கிறது. அனுமதிப் பத்திரத்தில் இருக்கும் அளவுக்கு ஒரு போத்தல் குறைந்தாலும் நானாவைத்தான் பிடிப்பார்கள். பத்திரத்தையே மாற்றவேண்டும். அது கச்சேரி வேலை. நீர் கட்டினதை நீரே அவிழ்த்துக்கொண்டு வாரும் என்று அரை நாள் லீவு தந்தார்.

கச்சேரியில் அனுமதிப் பத்திரங்களுக்குப் பொறுப்பான அதிகாரியின் மேசைக்கு முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. பாஸ் எடுக்க வந்த நிலாவெளிச் சனம், சீமெந்துக்குக் கடிதம் கேட்டு வந்தவர்கள். என் முறை வந்தபோது பதினொரு மணி. அவர் என் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“கசிவே இருக்கக்கூடாது என்டு மூன்று பக்கம் எழுதினது நீர்தானே?”

“ஓம் சேர்.”

“இப்ப நாலு போத்தல் குறையவேணும் என்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்.”

“அதில பாதி பிழை சேர். பாதி சரி. பிழையான பாதியைத் திருத்த வந்தனான்.”

நானாவின் மிளகாயைப் பற்றிச் சொன்னேன். அவர் இரக்கமில்லாதவர் இல்லை, கேட்டார். ஆனால் இரக்கத்துக்கு ஒரு படிவம் இல்லையே. கூலியை எண்ணெயில் கொடுப்பதற்கு முன்மாதிரி ஏதாவது எழுத்தில் இருக்கிறதா, முகாமில் கேட்டால் நான் எதைக் காட்டுவது என்றார். உண்மையாகவே கேட்டாரா, என்னை அனுப்பிவைக்கக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பையிலிருந்து தடித்த கொப்பியை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் கதைத்தேனோ தெரியாது. குழாய் எங்கே தொடங்குகிறது, எந்த நாடுகளைக் கடக்கிறது, யார் விற்கிறார், யார் வாங்குகிறார், நடுவில் இருப்பவருக்கு ஏன் வாயுவாகவே வேண்டும், அளவு எழுதாததால் வந்த சண்டை என்ன, எல்லாம் சொன்னேன். வெட்டுத்துண்டுகளைக் காட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற சனமும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தது. நிலாவெளியிலிருந்து வந்த ஒரு அம்மா, அந்த ஊர்களிலும் வாயு போக பாஸ் வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். ஒரு மாதிரி அப்படித்தான் அம்மா என்றேன். அப்ப எல்லா இடமும் இதே கதைதான் என்று திருப்தியோடு தன் இடத்துக்குத் திரும்பினார்.

அதிகாரி கொப்பியைத் தன் பக்கம் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தார்.

“அது ஐரோப்பா. அங்க குழாய் இருக்கு. இங்க குழாய் எங்க?”

“வள்ளம்தான் சேர் குழாய். அது நின்டா குறிஞ்சாக்கேணிக்கு ஒரு போத்தலும் போகாது. மிளகாய் செத்தா அந்த மனுசன் வள்ளத்தை வித்துப்போட்டு வேற ஊருக்குப் போயிடுவார்.”

இதை நான் முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. சொல்லும்போதுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே பட்டது. அவரும் பேனையால் மேசையைத் தட்டுவதை நிறுத்தினார். ஒரே ஒரு பக்கம், ஆங்கிலத்தில், இப்போதே இங்கேயே இருந்து எழுதும் என்றார். வாயுக் கதையைக் குறையும் என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒரு வரியை வெட்டினார், ஒரு வரியைச் சேர்த்தார். முகாமுக்குப் போய் வர நாலு நாளாவது ஆகும் என்றார்.

அந்த நாலு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. புதன், வியாழன் போயின. மிளகாய்ப் பூ எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன்; ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். தண்ணீர் பட்டால் திரும்பப் பூக்கும் என்று மாமி சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமையும் கடிதம் வரவில்லை. சனிக்கிழமை அரை நாள் அலுவலகம் பூட்டும் நேரத்தில் கச்சேரிப் பியூன் சைக்கிளில் வந்தார். உறையைப் பிரித்த முகாமையாளர் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

குறிஞ்சாக்கேணிப் பரல் ஒவ்வொன்றிலிருந்தும் நாலு போத்தல், வள்ளக் கூலியாக, துறையடியில் காவலர் முன்னிலையில் அளந்து, பதிவு செய்து வழங்கப்படலாம். காரணம் என்ற இடத்தில் அதிகாரி சேர்த்த அந்த ஒரு வரி இருந்தது: குழாய்வழி எரிபொருள் வர்த்தகத்தில் நிலவும் சர்வதேச நடைமுறைக்கு அமைவாக. கீழே முகாமின் முத்திரை.

“சர்வதேச நடைமுறை” என்று முகாமையாளர் அந்தச் சொற்களை ஒருமுறை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். “எங்கட லொறிக்கு டயர் இல்லை.”

அடுத்த ஓட்டம் திங்கட்கிழமை. நானும் லொறியில் ஏறிக்கொண்டேன். லிகிதர் கூடப் போகும் வழக்கம் இல்லை, யாரும் மறிக்கவுமில்லை. துறையடியில் அளவுகோலோடு நின்ற சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். உள்ளே கொண்டுபோய் ஒருவரிடம் காட்டிவிட்டு வந்தான். பிறகு அவனே போத்தலைப் பிடிக்க, நானா குழாயால் எண்ணெயை இறக்கினார். பன்னிரண்டு போத்தல். ஒவ்வொன்றையும் சிப்பாய் உயர்த்திப் பார்த்துத் தலையாட்டினான். கூலி என்ற புது இடத்தில் நான் பன்னிரண்டு என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நானா தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மேலே இருந்த சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தார். அப்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

தோட்டத்துக்கு வரட்டா என்று நானே கேட்டேன். வாங்க என்றார்.

அரை ஏக்கரையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். கிணற்றடியில் பச்சையாக நாலைந்து வரிசை. அதற்கு அப்பால் இலை சுருண்டு, தலை தொங்கி, வரிசை வரிசையாகச் செடிகள். கடைசிப் பக்கம் தொட்டால் நொறுங்கும் நிலை. மண்ணில் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. நானாவின் மனைவி வாளியோடு நின்றவர் என்னைக் கண்டதும் அதைக் கீழே வைத்தார். இந்தத் தங்கச்சிதான் என்று நானா சொன்னார். அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

“உங்கட படிப்பு எங்கட பூவக் கொட்டிப் போட்டுதே, தங்கச்சி” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது.

“ஓம் ராத்தா. நான்தான் கொட்டினது” என்று அக்கா முறை வைத்துச் சொன்னேன்.

அவர் தன் தலைத் துணியின் நுனியால் வரம்பில் இருந்த கல்லொன்றைத் தட்டிவிட்டு, வெயிலில் நிற்காமல் குந்தச் சொன்னார்.

அந்த மெசின் மண்ணெண்ணெயில் ஓடும்; தொடங்க மட்டும் பெற்றோல் வேண்டும். ஒரு சின்ன மருந்துப் போத்தலில் கடைசியாக ஒரு மூடி பெற்றோல் வைத்திருந்தார் நானா. அதை ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தார். இருமியது, நின்றது. இரண்டாம் தரமும் அப்படியே. பதினாறு நாள் ஓடாத மெசின். அந்த ஒரு மூடி தீர்ந்தால் பெற்றோலுக்கு வேறு ஒரு பத்திரம், வேறு ஒரு கச்சேரிப் படலம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் இழுவையில் புகை கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. நானா சட்டென்று திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். சத்தம் ஒருமுறை தளம்பி, பிறகு சீரானது. குழாய் விறைத்து நிமிர்ந்து தண்ணீரைக் கக்கியது.

ராத்தா மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினார். முதலில் பச்சை வரிசைகளைத் தாண்டித் தண்ணீரை நேரே வாடிய பக்கத்துக்கு விட்டார். கடைசி ஆறேழு வரிசைக்கு விடவே இல்லை. அது போய்விட்டது என்று ஒரு கைவீச்சில் சொல்லிவிட்டார். மற்றவை நிமிருமா என்று கேட்டேன். நாளைக்குக் காலை வந்து பாருங்க, வேர் உயிரோட இரிக்கி என்றார் வேலையை நிறுத்தாமல்.

நானா மெசினுக்குப் பக்கத்தில் குந்தியபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு மெசின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி என் கிட்ட வந்து சொன்னார்.

“தங்கச்சி, பயிர் நிக்கிற மாசம் எண்ணெயாத் தாங்க. மிளகாய் புடுங்கி முடிஞ்சா எனக்கு இந்த எண்ணெய் எதுக்கு? அப்ப நீங்க எழுதின மாதிரிக் காசாத் தந்தா நல்லம். புள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கலாம். அப்பிடி எழுத ஏலுமா?”

மூன்று கொப்பிகளிலும் நான் தேடித் திரிந்த விடை அது. எண்ணெயா காசா என்று கூலி வாங்குபவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருப்பார்.

ஏலும் நானா என்றேன். பதிவுப் புத்தகத்தின் பின் தாளைக் கிழித்து முழங்காலில் வைத்து அங்கேயே எழுதத் தொடங்கினேன். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று நான் கேட்க, அவர் விரல் விட்டுச் சொல்ல, ராத்தா வாய்க்காலில் நின்றபடியே ஒரு மாதத்தைத் திருத்தினார். பெரும்போகத்துக்கு வெங்காயம் வைக்கும் யோசனையும் அவருக்கு இருந்தது. அதையும் சேர்த்து எழுதச் சொன்னார். நான் எழுதி முடிக்க முன்னம் தண்ணீர் பன்னிரண்டாம் வரிசையைத் தாண்டிவிட்டது.